யுத்த களத்திலிருந்து வீடு வந்த பொருள்

சென்ற ரஜபு மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், பட்டினச்சேரி செல்லும் சாலையில் குடியிருக்கும் ஓர் அன்பர் அடியேனைத் தேடி வந்தார். அறுபது வயதை ஒட்டியவர். கையில் பச்சைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். "ஹஜ்ரத், இதை எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது கூடுமா, கூடாதா? ஒரு வார்த்தையில் சொல்லிவிடுங்கள்" என்றார். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக அது இருக்கவில்லை. இப்படிப்பட்ட பொருள்கள் நம் பகுதியில் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும் என்பதால், கிதாபுகளைப் புரட்டிப் பார்த்ததையும் மனத்தில் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு குர்ஆன் ஷரீபு. கைப்பிரதி. தோலால் ஆன உறை, மடித்து மூடும் நாக்கு வைத்தது. ஒரு மூலை கருகியிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் அது நம் நாட்டுப் பிரதி அல்ல என்பது புரிந்தது. ஃபே எழுத்துக்குப் புள்ளி கீழே இருந்தது; காஃபுக்கு மேலே ஒரே ஒரு புள்ளி. இது மஃரிபு தேசத்தார் எழுதும் முறை. மொராக்கோவிலும், அரபிகள் அல்ஜஸாயிர் என்றழைக்கும் அல்ஜீரியாவிலும் முஸ்ஹபை இப்படித்தான் எழுதி வந்தார்கள். அந்த வீட்டாருக்கு இத்தனை ஆண்டுகளாக இதை ஓத வரவில்லை. கண்ணில் ஒற்றி, முத்தமிட்டு, மீண்டும் பீரோவில் வைத்துவிடுவார்களாம்.

இது இங்கு வந்த கதை என்ன? அன்பரின் தகப்பனார் ஒரு சொல்தா. காரைக்கால் பக்கத்து வாசகர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்கியவர்களை நம் ஜனங்கள் அந்த மொழிச் சொல்லாலேயே சொல்தா என்று அழைத்தார்கள். அவர் 1953ல் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறினார். மறு வருஷம் மே மாதம் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்து இந்தோசீனா யுத்தம் முடியவே, அவரைப் போன்றவர்கள் அல்ஜீரியாவுக்கு மாற்றப்பட்டார்கள். இதில் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். 1954 நவம்பர் முதல் தேதியன்றுதான் காரைக்காலில் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே நவம்பர் முதல் தேதியன்றுதான் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போர் வெடித்தது. தம் ஊரைவிட்டு அந்தக் கொடி இறங்கிய நாளில், அதே கொடியைக் காப்பதற்காக இன்னொரு முஸ்லிம் தேசத்தில் துப்பாக்கி பிடிக்கும் நிலை நம்மவர் ஒருவருக்கு விதிக்கப்பட்டது. அல்ஜீரியா 1962 ஜூலை 5ல் விடுதலை பெற்றது. நம் பகுதி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது அதே ஆண்டு ஆகஸ்டு 16ல்.

அந்த யுத்த காலத்தில் மலைக் கிராமங்கள் காலி செய்யப்பட்டு, சுமார் 20 லட்சம் பேர் முகாம்களில் குடியேற்றப்பட்டார்கள். அப்படிக் காலியான ஒரு கிராமத்தில், எரிந்த கட்டடமொன்றில் கிடைத்தது என்று மட்டும் தகப்பனார் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவாராம். 1998ல் மவ்த்தாகிவிட்டார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, வீட்டிலிருந்த மற்ற எதையும் எடுக்காமல் இந்தப் பொட்டலத்தை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி ஓடினாராம். இப்போது அந்த அம்மையாரும் இல்லை.

வீட்டில் மூன்று விதமான பேச்சு. துபாயில் வேலை செய்யும் பேரன், பழம்பொருள் வாங்கும் ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்கிறார், விற்று உம்மாவின் வைத்தியத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வந்த அன்பருக்கு இதைப் பள்ளிவாசலில் வைத்துவிட வேண்டுமென்று விருப்பம். அவருடைய லாத்தாவோ, "அத்தா முத்தமிட்ட குர்ஆன் இது, வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது" என்று அழுகிறார்.

போர்க்களத்தில் கிடைத்த பொருளைப் பற்றி நம் மார்க்கம் மிகக் கண்டிப்பாகப் பேசுகிறது. எதிரியிடமிருந்து வந்த பொருள்கள் யாவும் முதலில் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் பங்கிடப்பட வேண்டும். பங்கீட்டுக்கு முன் ஒளித்து எடுப்பதற்கு குலூல் என்று பெயர். அப்படி எடுத்தவன் கியாமத்து நாளில் எடுத்த பொருளைச் சுமந்துகொண்டே வருவான் என்பது ஆலு இம்ரான் சூராவின் 161ஆம் வசனத்தின் கருத்து. கைபர் யுத்தத்தில் ஒருவர் உயிர் நீத்தார். அவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள். ஸஹாபாக்களின் முகம் மாறிப்போயிற்று. மூட்டையைச் சோதித்தபோது யூதர்களுடைய மணிகள் சில கிடைத்தன. அவற்றின் விலை இரண்டு திர்ஹமும் பெறாது. அதே பயணத்தில் வாதில் குரா என்னுமிடத்தில் அம்பு பட்டு இறந்த மித்அம் என்ற அடிமை எடுத்துவைத்திருந்த ஒரு போர்வை, அவர் மீது நெருப்பாக எரிகிறது என்று நபிகளார் சொன்னதைக் கேட்டு, ஒருவர் செருப்பு வாரைக் கொண்டுவந்து போட்டார்.

இரண்டு திர்ஹம் பெறாத மணி! இன்று சிப்பாய்கள் ஞாபகார்த்தமாகக் கொண்டுவரும் பொத்தானும் தொப்பியும் பதக்கமும் இதைப் போன்றவைதாம். பசிக்குத் தின்பதை மார்க்கம் தடுக்கவில்லை. தாங்கள் போர்ப் பயணங்களில் தேனும் திராட்சையும் கிடைத்தால் சாப்பிடுவோம், ஆனால் தூக்கிக்கொண்டு போகமாட்டோம் என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வயிற்றின் தேவை வேறு, அலமாரியின் ஆசை வேறு என்பதை அவர்கள் அன்றே பிரித்து வைத்திருந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். எதிரியைக் கொன்றவனுக்கு அந்த எதிரியின் ஆயுதமும் அங்கியும் உரியவை என்று சட்டம் இல்லையா? இருக்கிறது. அதற்கு ஸலப் என்று பெயர். ஹுனைன் போரில் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு இப்படிக் கிடைத்த கவசத்தை விற்று, பனூ ஸலிமா குடியிருப்பில் ஒரு தோட்டம் வாங்கினார்கள். இஸ்லாத்தில் தாம் சேர்த்த முதல் சொத்து அதுதான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் ஷாஃபிஈ மத்ஹபில் இது கொன்றவரின் உரிமை. ஹனஃபி மத்ஹபில், தலைவர் அவ்வாறு முன்கூட்டி அறிவித்திருந்தால்தான் உரிமை. ஆனால் அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு அது எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். கொன்றதற்குச் சாட்சி கேட்கப்பட்டது. அவர்கள் எழுந்து நின்று, எனக்குச் சாட்சி சொல்பவர் யார் என்று கேட்டு, உட்கார்ந்து, மீண்டும் எழுந்தார்கள். பொருளோ வேறொருவர் கையில் இருந்தது. அபூபக்கர் (ரலி) அவர்கள் குறுக்கிட்டுப் பேசிய பிறகுதான், சபை நடுவில், அது அவர்கள் கைக்கு வந்தது. எல்லோர் கண் முன்னாலும் கணக்குச் சொல்லிப் பெற்றது அது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்ததல்ல.

யுத்தம் என்றால் எல்லாச் சிப்பாயும் கொண்டுவருவதுதானே, இதில் என்ன தப்பு என்று சாதாரணமாகக் கேட்பவர்கள் உண்டு. நம்மிடமிருந்து கொண்டுபோகப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வி தொண்டையில் நின்றுவிடும். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் ஷஹீதானார்கள். அன்றிரவு முழுவதும் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் ஆர்தர் வெல்லெஸ்லி சில சிப்பாய்களைத் தூக்கிலிட்டுத்தான் அதை அடக்க முடிந்தது. அதற்குப் பிறகு அதிகாரிகள் கமிட்டி அமைத்து, பதவிக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொண்டார்கள்! மர இயந்திரப் புலி லண்டன் மியூசியத்துக்குப் போயிற்று. சுல்தானின் நூலகத்துக் கிதாபுகள் கல்கத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் சிதறின. அவருடைய வாளொன்று 2023 மே மாதம் லண்டனில் 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு ஏலம் போயிற்று. அந்தச் செய்தியைப் படித்தபோது நம் வீடுகளில் எத்தனை பேர் நெஞ்சு கொதித்தோம்! அந்தக் கொதிப்பு நியாயமானால், அதே தராசில் நம் பீரோவையும் வைக்கத்தானே வேண்டும்?

பொருளோடு நிற்கவில்லை அவர்கள். 1858ல் சியால்கோட்டில் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்ட ஆலம் பேக் என்ற ஹவில்தாரின் மண்டையோட்டை ஒரு ஆங்கில அதிகாரி ஊருக்கு எடுத்துப்போனார். இந்த ஹவில்தார் வங்காளக் காலாட்படையின் 46ஆம் பிரிவைச் சேர்ந்தவர், ஒரு முஸ்லிம். 1963ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு சாராயக்கடையில் அந்த மண்டையோடு கண்டெடுக்கப்பட்டது. அது யாருடையது என்று எழுதிய காகிதம் கண் குழிக்குள் இருந்தது. கிம் வாக்னர் என்ற சரித்திர ஆசிரியர் 2017ல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி, அது நல்லடக்கம் பெற வேண்டுமென்று வாதாடினார். அல்ஜீரியாவிலும் இதுவே நடந்தது. 1849ல் ஸஆத்திஷா என்னுமிடத்தில் எதிர்த்து நின்ற ஷைகு பூஸியான் உள்ளிட்டோரின் தலைகள் பாரிஸ் மியூசியப் பெட்டிகளில் கிடந்தன. 24 மண்டையோடுகள் 2020 ஜூலை 3ஆம் தேதி அல்ஜீரியாவுக்குத் திரும்பி வந்து, விடுதலை நாளான 5ஆம் தேதி அடக்கப்பட்டன. ஷாம் நாட்டுப் போரில் யன்னாக் என்ற எதிரித் தளபதியின் தலை மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டபோது அபூபக்கர் (ரலி) அவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களும் நமக்கு இப்படித்தானே செய்கிறார்கள் என்று கொண்டுவந்தவர் சொன்னார். பாரசீகரையும் ரோமரையுமா நாம் பின்பற்றுவது, வெற்றிச் செய்தி எழுதிய கடிதமே போதும், இனி எந்தத் தலையும் என்னிடம் வரக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டார்கள்.

சரி, நம் வீட்டு முஸ்ஹபுக்கு வருவோம். அது கனீமத்தா? அறவே இல்லை. அந்தத் தகப்பனார் சம்பளத்துக்குச் சேவகம் செய்தவர். எதிரே இருந்தவர்கள் கலிமாச் சொன்ன முஸ்லிம்கள். முஸ்லிமுடைய உடைமை எந்தப் போரிலும் கொள்ளைப் பொருளாகாது. ஹிஜ்ரி 36ல் பஸராவில் ஜமல் யுத்தம் நடந்தது. அலி (ரலி) அவர்கள் வெற்றி பெற்றார்கள். தோற்றவர்களின் பொருள்களைத் தொடக்கூடாது என்று தடுத்து, களத்தில் கிடந்தவற்றைப் பள்ளிவாசலில் குவித்து, தம் பொருளை அடையாளம் கண்டவர் எடுத்துப் போகலாம் என்று அறிவிக்கச் செய்தார்கள். ஒருவர் தம்முடைய சட்டியை அடையாளம் கண்டாராம். அதில் சிலர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வேகும்வரை பொறுங்கள் என்றதற்கு அவர் இணங்கவில்லை. அப்படியே கவிழ்த்துவிட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிதாபில் இந்த இடம் வரும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் தன் சட்டி தன் சட்டிதான். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் ஒதுங்கிய பாத்திரங்களைக் குவித்து வைத்து, அவரவர் அடையாளம் சொல்லி எடுத்துப் போனதை அப்போது பதினான்கு வயதுப் பையனாக இருந்த அடியேன் பார்த்திருக்கிறேன். ஒரு கிழவி நசுங்கிய பித்தளைச் செம்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

ஷரீஅத்தை விட்டு உலகச் சட்டத்தைப் பார்த்தாலும் 1907ல் ஹேக் நகரில் செய்த ஒப்பந்தமும், 1949 ஜெனீவா ஒப்பந்தமும் சூறையாடலைத் தடுத்தே இருந்தன. ஆகவே எந்தப் பக்கத்திலிருந்தும் அந்த முஸ்ஹபுக்கு உரிமை சொல்ல வழியில்லை.

இதை அன்பரிடம் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் எங்கள் அத்தா திருடரா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கருகிய மூலையை மறுபடி பார்த்தேன். நெருப்பு உறையைத் தாண்டி இரண்டு தாளைத் தொட்டிருக்கிறது. எரிந்துகொண்டிருந்த இடத்திலிருந்து ஒருவர் கையை விட்டு எடுத்திருக்க வேண்டும். நெருப்பிலோ அசுத்தத்திலோ குர்ஆன் விழப்போவதைக் கண்டவர், ஒளு இல்லாவிட்டாலும்கூட, உடனே எடுத்துக் காப்பது கட்டாயம் என்று நம் பிக்ஹு கிதாபுகள் சொல்கின்றன. ஆக, எடுத்த அந்த ஒரு நொடி அவருக்கு நன்மையாகவே எழுதப்பட்டிருக்கலாம். அதைச் செய்த நேரத்தில் அவர் யாருடைய உடுப்பை அணிந்திருந்தார் என்பது அல்லாஹ்வுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். எடுத்ததற்கும் வைத்துக்கொண்டதற்கும் நடுவில் வருஷக்கணக்கு இருக்கிறதே, அதுதான் கனமானது. காப்பாற்றியவர் உடையவராகிவிட மாட்டார்.

வியட்நாமில் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. டாங் துய் ட்ராம் என்ற பெண் மருத்துவர் 1970 ஜூனில் அமெரிக்கச் சிப்பாய்களால் கொல்லப்பட்டார். ராணுவத்துக்குப் பயன்படாத காகிதங்களைக் கொளுத்தும் வேலையிலிருந்த ஃபிரெட் வைட்ஹர்ஸ்ட் என்பவர் கையில் அந்த மருத்துவரின் நாட்குறிப்பு வந்தது. அவருடன் இருந்த வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் இதை எரிக்காதீர்கள் என்று தடுத்தார். உத்தரவை மீறி அதை ஊருக்குக் கொண்டுபோனார். ஆனால் அது தம்முடையது என்று அவர் மனம் ஒப்பவில்லை. 35 வருஷம் கழித்து, 2005ல், அதன் பக்கங்கள் ஹனோயில் இருந்த தாயாரிடம் போய்ச் சேர்ந்தன. அவ்வாண்டே அச்சாகி லட்சக்கணக்கில் விற்றது. அந்தத் தாய்க்கு மகளின் கையெழுத்து திரும்பக் கிடைத்தது. இந்தச் செய்தியை அன்பரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தாவுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரிந்திருந்தால் கொடுத்திருப்பார்" என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடியேனும் எண்ணுகிறேன்.

மூன்றாம் நாள்தான் முதல் தாளின் பின்புறத்தைக் கவனித்தேன். மங்கிய மையில் இரண்டு வரி. பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. ஒரு சொல் மட்டும் தெளிவாக இருந்தது: ஹுபுஸ். நாம் வக்ஃபு என்று சொல்வதை மஃரிபு தேசத்தார் ஹுபுஸ் என்பார்கள். அதைத் தொடர்ந்து மஸ்ஜித் என்ற சொல். ஊர்ப் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகளே மிச்சம். ஆக, இது தனி மனிதர் ஒருவரின் குர்ஆன்கூட அல்ல. ஒரு கிராமத்துப் பள்ளிக்கு யாரோ ஒரு புண்ணியவான் வக்ஃபு செய்தது. எரிந்த கட்டடம் எது என்பதும் அப்போது விளங்கிவிட்டது.

இதனால் பல வழிகள் ஒரே நேரத்தில் அடைபட்டன. வக்ஃபை விற்க முடியாது. எனவே ஐம்பதாயிரம் ரூபாய்ப் பேச்சு முடிந்தது. வாரிசுரிமையாகப் பிரிக்க முடியாது. நம் பள்ளியில் வைத்துவிடுவதும் அவ்வளவு லேசல்ல. வக்ஃபு செய்தவர் குறித்த இடத்திலிருந்து மாற்றுவதற்கு, அந்த இடம் பாழாகி, மீட்க வழியில்லை என்பது உறுதிப்பட வேண்டும். அப்போதும் அந்த நாட்டிலேயே பக்கத்துப் பள்ளிக்குத்தான் முதல் உரிமை. கடல் கடந்து காரைக்காலுக்கு அல்ல. அன்பரின் ஆசை நல்ல ஆசைதான். என்றாலும் இன்னொருவர் பொருளைத் தானம் செய்து நன்மை தேட முடியாதே!

உரியவரைக் காண முடியாமலே போய்விட்டால்? முஆவியா (ரலி) அவர்கள் காலத்தில் ஒருவர் கனீமத்திலிருந்து 100 தீனாரை ஒளித்துவிட்டு, படை கலைந்து போன பின் மனம் வருந்தி, தளபதியான அப்துர் ரஹ்மான் இப்னு காலித் அவர்களிடம் கொண்டுபோனார். படை கலைந்துவிட்டது, நான் வாங்கமாட்டேன், கியாமத்து நாளில் அல்லாஹ்விடம் கொண்டு வா என்று அவர் மறுத்துவிட்டார். முஆவியா (ரலி) அவர்களும் அப்படியே சொன்னார்கள். அழுதுகொண்டு போனவரை திமிஷ்கில் அப்துல்லாஹ் இப்னு ஷாயிர் என்ற பெரியவர் நிறுத்தி, ஐந்தில் ஒரு பங்கை அரசருக்குக் கொடு, மீதியை அந்தப் படையினர் சார்பில் தர்மம் செய்துவிடு, அவர்களின் பெயரும் இருப்பிடமும் அல்லாஹ்வுக்குத் தெரியும் என்றார். இந்த ஃபத்வாவை நானே கொடுத்திருக்கலாகாதா என்று முஆவியா (ரலி) ஆசைப்பட்டார்களாம். ஊர் பேர் தெரியாதவரின் பொருளை வைத்திருப்பவர்களுக்கு இதில் வழி இருக்கிறது. ஆனால் தேடிப் பார்த்த பிறகுதான் அந்த வழி. தேடாமலே எடுத்த எடுப்பில் அதில் இறங்கக்கூடாது.

ஆகவே தேட ஆரம்பித்தோம். முதல் தாளையும் உறையையும் படமெடுத்து, மிச்சமிருக்கும் எழுத்துகளைக் குறித்து, அல்ஜீரியாவில் வக்ஃபுகளைப் பார்க்கும் அமைச்சகத்துக்கு அரபியில் ஒரு கடிதம் ரமலானுக்கு முன் அனுப்பினோம். தகப்பனாரின் பென்ஷன் காகிதங்களிலிருந்து அவர் எந்தப் படைப் பிரிவில், எந்த மாவட்டத்தில் இருந்தார் என்பதையும் எடுத்து எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.

லாத்தாவிடம் இதைச் சொல்லப் போனபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. திரைக்குப் பின்னாலிருந்து அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போகிறவரைக்கும் இதில் ஓதலாமா, ஹஜ்ரத்?" ஓதுவதற்காகவே வக்ஃபு செய்யப்பட்டது, பூட்டி வைப்பதைவிட ஓதுவதே மேல் என்றேன். அவர்களுடைய கிராஅத் வர்ஷு ரிவாயத். அல்ஹம்து சூராவில் தீர்ப்பு நாளின் அதிபதி என்று வரும் இடத்தில் நாம் நீட்டி ஓதுகிறோம், அவர்கள் நீட்டாமல் ஓதுகிறார்கள். புள்ளி மாறும் எழுத்துகளையும் இப்படிச் சில இடங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ரமலானில் பத்து ஜுஸ்வு வரை வந்துவிட்டதாகப் பிறகு சொல்லியனுப்பினார்.

அமானத்தை வைத்திருப்பவர் அதை மரண சாசனத்தில் குறிப்பிட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருபவர்கள் சொத்து என்று நினைத்துவிடுவார்கள். எனவே இந்த முஸ்ஹபு இவ்வீட்டாருக்கு உரியதல்ல, அல்ஜஸாயிரில் ஒரு பள்ளிக்கு வக்ஃபு செய்யப்பட்டது, உரியவர் வரும்வரை இங்கே அமானத்தாக உள்ளது என்று தமிழிலும் அரபியிலும் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறோம். அன்பரும் லாத்தாவும் கையொப்பமிட்டார்கள். பெருநாளைக்கு ஊர் வந்திருந்த பேரன் அதை இரண்டு முறை படித்தார். எதுவும் பேசவில்லை. சாட்சியாக அவரும் கையொப்பமிட்டுக் கொடுத்தார்.